ஆளில்லாத நாற்பது படங்கள்

கம்பெனி கேட்டது நாற்பது படம்.
உள்பக்கம் மட்டும், ஆளில்லாமல்,
வெள்ளிக்கிழமைக்குள்.
படத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி.
கல்யாண மண்டபத்தில்
தாலி ஏறும் நொடியைத் தவறவிட்டால்
மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள்.
இங்கே முறைக்க யாருமில்லை,
ஒத்துக்கொண்டேன்.

கெமுனிங் தோட்டத்து ஆஸ்பத்திரி
டவுன் முடிந்து
செம்பனை எடைமேடைக்குப் பின்னால்.
சங்கிலியும் பூட்டும் தூணிலேயே இருந்தன.
கேட்டைத்தான்
பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிருந்தான்.

முதல் படம், மருந்து கொடுக்கும் சன்னல்.
பலகையில் இரண்டு வழவழப்பான பள்ளம்:
எம்சி கேட்டு நின்றவர்களின் முழங்கைகள்.
டிரெசர் பக்கத்துப் பலகை
புதிதாகவே இருந்தது.

ஏழாவது, ஆண்கள் வார்டு.
கட்டில்கள் போன சிமெண்டில்
நாலு நாலாகத் துருப்புள்ளி.
எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு கட்டில்.
அதில் ஒன்று மட்டும்
சுவரைவிட்டு ஏனோ தள்ளிக் கிடந்திருக்கிறது.

பதினாறாவது, பிள்ளைப்பேற்று அறை.
எடைத்தட்டில் இரண்டு பல்லி முட்டை.
முள் சும்மாவே அரை ராத்தல் காட்டியது.
இந்த டவுனில் எத்தனை பேர்
அரை ராத்தல் கூடுதலாகப் பிறந்தார்களோ.

வெளிச்சம் போதவில்லை.
கால் நொடி திறந்து வைத்து
மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்,
ஒவ்வொன்றையும்.

எக்ஸ்ரே அறையில்
உடைந்த கண்ணாடிக்குப் பதில்
பழைய பிலிம் ஒட்டியிருந்தது.
பத்துமணி வெயில்
ஒரு நெஞ்சுக்கூட்டின் வழியாக உள்ளே வந்து
தரையில் விலாவை விரித்திருந்தது.
ஓரத்தில் வெள்ளை மை:
வீ. தங்கரத்தினம், 41, பால்வெட்டு.
ஆளில்லாமல் என்றார்களே,
இது ஆளா, இல்லையா?
எதற்கும் இருக்கட்டுமென்று எடுத்தேன்.

அப்போதுதான் பருப்பு கொதிக்கும் வாசம்.

பெண்கள் வார்டில்
இரண்டு டிரிப் கம்பிகளுக்கு நடுவே கொடி,
கொடியில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி.
அகப்பையோடு எழுந்து நின்றான்.
"பாஸ், காம்பார் ஜாங்கான்."

கேமராவைக் கீழே இறக்கினேன்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவனே ஒவ்வொன்றாக எடுத்து
என் சட்டகத்துக்கு வெளியே வைத்தான்:
பாய், பானை, பல்பொடி,
சார்ஜரோடு போன்,
கடைசியில் தன்னையும்
கதவுக்குப் பின்னால்.

இருபத்தெட்டாவது படம் சுத்தமாக வந்தது.
அடுப்பு இருந்த இடத்தில் ஒரு வட்டம்,
கம்பெனியில் யாரும்
பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள்.
அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை நான்.
அவன் இங்கே இல்லை என்று
படம் போட்டும் கொடுத்துவிட்டேன்.

"திங்கட்கிழமை மெஷின் வரும்" என்றேன்.
"தாவு" என்றான்.
பெயர் ரொபியுல். ஆறு வருஷம் குலை வெட்டியவன்.
பாஸ்போர்ட் ஏஜெண்டிடம்,
ஏஜெண்ட் எங்கேயோ.
தட்டில் சோறு போட்டு என் பக்கம் நகர்த்தினான்.
பசியாறிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கிளம்பும்போது அவனே கேட்டான்,
ஒரு படம், ஃபாரத்தில் ஒட்ட,
பின்னால் வெள்ளையாக.
காசு தருவானாம்.

வெள்ளையை எங்கே தேடுவது இந்தக் கட்டடத்தில்?
பூஞ்சை ஏறாதது எக்ஸ்ரே அறையில் ஒரு சுவர்தான்.
இடுப்புவரை விலா நிழல் விழாமல்
கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன்.
தலைசீவ என் சீப்பைக் கொடுத்தேன்.

மூச்சைப் பிடி என்றேன், தமிழிலேயே.
பிடித்தான்.

விடு என்று சொல்ல மறந்துபோனேன்.
லென்ஸைத் துடைத்து மூடி
பையின் ஜிப்பை இழுக்கும்வரை
நெஞ்சை நிமிர்த்தி
அப்படியே நின்றிருந்தான்.