கடுகளவு

"கடுகளவெண்டாலும், பாறைக்குள்ள கிடந்தாலும்
அல்லாஹ் கொண்டுவருவான்"
லுக்மான் மகனுக்குச் சொன்னதை
ருஸ்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்,
மஃரிபுக்குப் பிறகு, கரண்ட் போன ஒரு நாளில்.

இன்று கிண்ணியாச் சந்தையில்
சூடை நிறுக்கையில்
என் சுண்டுவிரல் தட்டில் கிடந்தது.
பழகிய விரல்.
எனக்கே தெரியாது,
தெரியாதென்றே வைத்திருந்தேன்.

பிள்ளை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தராசுக்கு அடியில் குனிந்து
ஈரச் சாக்கைத் தூக்கி
எதையோ தேடினாள்.

"என்ன மகள்?"
"கடுகு, வாப்பா."

வெள்ளைமணல் தபால்காரர்
சைக்கிளில் பாலத்தின் பாதியைத் தாண்டிவிட்டார்.
ஒரு கை மீனோடு ஓடினேன்.
செதில் ஒட்டிய சாரம்
காலைத் தடுக்கியது.
பின்னால் அவள்,
செருப்பிரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு,
"நில்லுங்க! நில்லுங்க!" என்று
எனக்கும் சேர்த்துக் கத்தியபடி.