தீப்பெட்டியில் ஒரு நூல்

வியாழன் இரவு கிஷினாவில் கிளம்பினால்
சனி விடியலில் பாதோவா.
எடைக்குத்தான் காசு. உள்ளே என்ன என்று கேட்பதில்லை.
ஆனாலும் முப்பது மணி நேரம்
முதுகுக்குப் பின்னால் கிடப்பவை பேசத்தான் செய்யும்.
வரும்போது வால்நட், பிளம் ஜாம்.
போகும்போது காப்பிப்பொடி, பெரியவர்களுக்கான டயப்பர்,
ஒருமுறை பஞ்சில் பொதிந்த ஒரு பல்செட்.

அக்ஸீனியாவுக்கு வந்தது ஒரு தீப்பெட்டி.
தராசு முள் அசையவில்லை. காசு வாங்கவில்லை.

உள்ளே கறுப்பு நூல்.
அவள் அப்பா ஸ்பிரிதோனின் பாதத்தைச் சுற்றி
பக்கத்து வீட்டு ஸினாய்தா அளந்து வெட்டியது,
செருப்பு வாங்க.
ஞாயிறு பகல், வேன்கள் நிற்கும் மைதானத்தில்
பர்ஸிலிருந்து போன வருட நூலை எடுத்து
இரண்டையும் நுனி சேர்த்துப் பிடித்தாள்.
புதியது இரண்டு விரல் நீளம்.

வயசான கால் வளருமா என்றேன், சிரிக்கட்டும் என்று.

ஆறு வருடமாகக் காலைதோறும்
சின்யோர் பொர்த்தொலோவின் கணுக்காலில்
கட்டைவிரல் அழுத்தி, குழி மேலெழும்வரை எண்ணுகிறவள்.
எண்ணிக்கை கூடினால் மகனுக்கு போன்,
மகன் டாக்டருக்கு, உப்பைக் குறை, மாத்திரையைக் கூட்டு.
அந்தக் காலுக்கு ஒரு நோட்டுப்புத்தகமே உண்டு.
அப்பாவிடம் நேற்றும் பேசினாளாம்.
நல்லா இருக்கேன், திராட்சைக்கு மருந்தடிச்சேன் என்றாராம்.
நூலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒரு நடை போய்வரலாமே என்றேன். என் வாய் சும்மா இருக்காது.
காகிதம் புதுப்பிக்கப் போயிருக்கிறது, ரசீதுதான் கையில்.
தவிர, பதிலுக்கு நிற்க வருகிறவள் நிலைத்துவிடுவாள்.
அக்ஸீனியா அந்த வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

பிறகு என் கையைப் பிடித்தாள்.
காசு தரப்போகிறாள் என்று நினைத்தேன்.
முன்கையில் கட்டைவிரலை ஊன்றினாள்:
இப்படி. எலும்பு மேலே. ஐந்து எண்ணும்வரை எடுக்காதே.
எடுத்த பிறகு குழி மறைவதை எண்ணு.

யாருடைய அப்பாவின் காலையும் நான் தொட்டதில்லை.
என் அப்பா போன அன்று
க்ரெமோனா பக்கம் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிதோன் செருப்பைப் பார்த்து, பெருசு, என்றார்.
போட்டார். சரியாக இருந்தது.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
காலைக் கொடுங்க என்றேன்.
சுங்கக்காரன் மாதிரி சோதிக்கிறியே என்றபடி நீட்டினார்.
மாவில் இறங்குவது போல விரல் இறங்கியது.
பன்னிரண்டில், போதும் விடு, என்றார்.
விட்டுவிட்டுத்தானே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தொன்று.
அவளிடம் ஒன்பது என்று சொல், என்றார்,
திராட்சை ஒரு கூடை வண்டியில் ஏற்றினார்.

எல்லையில் மீசை முளைக்காத அதிகாரி
அறிவிக்க ஏதாவது உண்டா என்றான்.
சட்டைப் பையில் சீட்டு, அதில் ஓர் எண்.
திராட்சை என்றேன்.

ஹங்கேரியில் ஒரு பெட்ரோல் பங்க்.
பதினாலு மணி நேரம் உட்கார்ந்த கால்.
காலுறையை இறக்கினேன், எலாஸ்டிக் தடம் சிவந்து கிடந்தது.
கட்டைவிரலை வைத்தேன், ஐந்து எண்ணி எடுத்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.
வண்டியை நகர்த்தினேன்.