மனிசாலெஸில் கடல்

சலவை அறைக்குப் பக்கத்தில் வகுப்பு.
ஏழு சுவாச சிகிச்சையாளர்கள், ஒரே ஒரு கருவி.
இரவுப்பணி முடிந்து முகம்கூடக் கழுவாத கூட்டம்.
"யாராவது சட்டையைக் கழற்றுங்கள்" என்றாள் மரிசெல்,
எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள்,
பொகோத்தாவிலிருந்து பேருந்தில் குலுங்கி வந்தவள்.
டுவான் கழற்றினான்.
ஜெல் பட்டதும் அவன் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.

விலா இரண்டு, நிழல் இரண்டு,
நடுவே ஒரு வெள்ளைக் கோடு
வழுக்கிப் போகிறது, வழுக்கித் திரும்புகிறது.
பதினாறு வருடம்
காதைத் தீட்டித் தீட்டி நான் பிடித்த மூச்சு
இப்படிச் சுலபமாய்க் கண்ணுக்கு வந்து நின்றதில்
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பொத்தானை மாற்றினாள்.
"மேலே நேர்க்கோடுகள், அலை.
கீழே பொடிப்பொடியாய், மணல்.
இதற்குக் கடற்கரை என்று பெயர்.
கடல் தெரிந்தால் நிம்மதி."

நான் கடல் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்த மணல்
ரூயிஸ் எரிமலை தும்மும் நாட்களில்
கொடியில் காயும் துணிமேல் இறங்கும் சாம்பல்.
குறிப்பேட்டில் 'சாம்பல்' என்றே எழுதிக்கொண்டேன்.

"கடல் இல்லையென்றால்?"
"மேலிருந்து அடிவரை கோடு. பார்கோடு மாதிரி."
அது தெரியும். என் அக்கா நூர்பி
கல்லாவில் அரிசிப் பையைப் புரட்டிப் புரட்டித் தேடுவது.

டுவானின் இடப்பக்கம் போனோம்.
பார்கோடு.
ஆறு பேர் மூச்சை நிறுத்தினோம்.
அவன் மட்டும் சாவகாசமாய் விட்டுக்கொண்டிருந்தான்.
காற்று கசிகிறது, படுக்க வையுங்கள், ஆக்சிஜன் எங்கே என்று
மரிசெல் எழுந்தே விட்டாள்.

"ஒட்டிவைத்தது" என்றான்.
"பத்தொன்பது வயதில், இரண்டாம் முறை சுருங்கியபோது
டால்க் பவுடரை ஊதி நெஞ்சுச் சுவரோடு ஒட்டிவிட்டார்கள்.
உற்றுப் பாருங்கள்."
பார்த்தோம். கோடுகளுக்கிடையே
சின்னச் சின்ன உதறல், சீராக.
இதயம் உள்ளிருந்து தட்டுகிறது.
காற்று புகுந்திருந்தால் அந்தத் தட்டல் இங்குவரை எட்டாது.
ஆறு வருடம் அவனோடு
ஒரே அரேபாவைப் பிய்த்துத் தின்றிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, அதிகாலை மூன்று.
நான்காம் படுக்கை, ஹெரிபெர்த்தோ அகுடேலோ,
கேபிள் கார் இயக்கியவர்.
வென்டிலேட்டர் அலறுகிறது.
எக்ஸ்ரே வண்டி லிஃப்டுக்குள் மாட்டியிருக்கிறது.
என் ஏட்டில் பதினெட்டுப் பதிவுகள்; தேவை இருபத்தைந்து.
கருவியை எடுத்துவிட்டேன்.

வலப்பக்கம் கடல் இல்லை.
தட்டல் இருக்கிறதா என்று காத்திருந்தேன்.
இல்லை.
"உனக்கு யார் அனுமதி தந்தது?" டாக்டர் பெத்தான்கூர்.
பதில் சொல்லாமல் கையை
விலா விலாவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன்,
மணலும் கோடும் ஒரே படத்தில்
மாறி மாறி வரும் அந்த ஓர் இடம் கிடைக்கும்வரை.
ஒரு மூச்சுக்கு மணல். மறு பாதிக்குக் கோடு.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
குழாய் கேட்டார்.
உள்ளே போனதும் சீறிக்கொண்டு வந்தது காற்று;
அதைக் கேட்க
ஸ்டெதாஸ்கோப் வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் வரிசை.
'கண்டது' என்ற கட்டத்தில்
ஆம், இல்லை, இரண்டே சொற்கள்.
சுழிக்காமல் விட்டிருக்கிறேன்.
மரிசெல் வியாழக்கிழமை வருவாள்.
அதுவரை கையொப்பமும் காலி,
என் சட்டைக் கையில் ஜெல் காய்ந்து
மொரமொரவென்று.