கிடாரி

டப்ளினில் மூன்று நாள்
இருட்டறையில் நுண்படச் சுருள் சுற்றினேன்.
பழைய குடிக்கணக்கெல்லாம்
இருபத்திரண்டாம் வருஷச் சண்டையில்
எரிந்துபோயிற்று என்றார் நூலகர்,
தன் வீடு எரிந்ததைச் சொல்வதுபோல்.
மிஞ்சியது பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு.
லத்தீன் எழுத்து. ஈரம் குடித்த ஓரம்.

லாரென்சியஸ், தாதேயுஸின் மகன்.
தாயின் பெயரில்
'ஹோன' என்ற இரண்டெழுத்துக்கு அப்பால்
பூஞ்சணம் தின்றிருந்தது.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்,
அழுக்கு கண்ணாடியில் இல்லை.

எங்கள் சாந்தா ஃபே வீட்டில்
அவர் தொரெ லொரென்சோ.
கில்முரி என்று சொன்னதைத்
துறைமுக எழுத்தர் காதில் விழுந்தபடி எழுத
கில்முர்ரே ஆனோம்.
சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டமிட்ட படம்.
பஞ்சத்தில் வெறுங்காலோடு கப்பலேறியவர்,
பசித்த தம்பிக்குத் தன் கடைசி ரொட்டியைக் கொடுத்தவர்.
ரொட்டியைப் பற்றிப் பேசும்போது
மாமா ருஃபீனோவுக்குக் குரல் கம்மும்,
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்.

வெஸ்ட்மீத் மழையில்
வழி கேட்டு வழி கேட்டு
நான்காவது வாசலில் நின்றேன்.
கதவைத் திறந்த மாலக்கி கில்முரி
ரப்பர் பூட்ஸோடு என் தாளை வாங்கினார்.
படிக்கவில்லை.
உள்ளே திரும்பிக் கத்தினார்:
"டெர்வ்லா! கிடாரியோட ஆளு வந்திருக்கு!"

கதை இவ்வளவுதான்.
தம்பி சில்வியின் கிடாரியை
முல்லிங்கார் சந்தைக்கு ஓட்டிப் போனான் லார்,
புல்லுக்குப் போகிறது என்று சொல்லி.
சாயங்காலம் கயிறு மட்டும் வந்தது,
பக்கத்து வீட்டுப் பையன் கையில்.

செவலை.
இடது காதில் ஒரு கிழிசல்.
சினை நான்கு மாசம்.
லாரின் முகம் இங்கே யாருக்கும் தெரியாது,
உயரமா குட்டையா, அதுவும் தெரியாது.
கிடாரியின் காதுக் கிழிசல்
கொல்லைப்புற வேலியில் எந்த முள்ளால் வந்தது
என்பதுவரை தெரியும்.

நான் கால்நடை ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள்.
கை தானாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தது.
ஒரு சினைக் கிடாரி,
நூற்று எழுபது வருஷம்,
கன்றும் கன்றின் கன்றும்,
நோவுக்குப் பாதி தள்ளினாலும்
வட்டியும் முதலுமாக வந்த தொகை
இந்தக் கவுண்டியில் அடங்காது.
ஒரு காலத்தில் எங்களுக்கு ஒன்பதாயிரம் தலை இருந்தது
என்பதை நான் சொல்லவில்லை.
பிறகு வங்கி எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டது
என்பதையும்.

"இன்றைய விலைக்கு ஒன்றாவது தருகிறேன்" என்றேன்.
விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.
சொல்லி முடிக்கும்போது விளையாட்டாக இல்லை.

டெர்வ்லா கெட்டிலை இறக்கி வைத்தாள்.
மாலக்கி ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"அதைத் தீர்த்துட்டா
நீ எங்களுக்கு யாரு?" என்றார்.

பின்புறம் கூட்டிப்போய்க் காட்டினார்:
முட்டிக்காஞ்செடி மூடிய நான்கு கல்,
அதுதான் வீடாம்.
ஒரு கல்லையாவது எடுத்துப் போகலாமென்று குனிந்தேன்,
பின்னாலிருந்து ஏதோ இழுத்தது.
ஈர மூக்கு. கறுப்புக் கிடாரி.
என் கோட்டின் கையை
உப்புக்காக நக்கிக்கொண்டிருந்தது.
இரண்டு காதும் முழுசாக இருந்தன,
மஞ்சள் எண் வில்லையோடு.

ஏஸேஸா விமான நிலையத்தில் ஒரு படிவம்:
பண்ணைக்குப் போனீர்களா?
கால்நடையைத் தொட்டீர்களா?
வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.
'ஆம்' என்று குறித்தேன்.
அதிகாரி என் பூட்ஸைக் கழற்றச் சொல்லி
அடிப்பக்கச் சேற்றை
மருந்துத் தண்ணீரால் கழுவினார், ஒரு துளி விடாமல்.

ஹோன. ஹோனரீன்? ஹோனரா?
அந்தச் சந்தை நாள் சாயங்காலம்
கயிற்றை வாங்கிக்கொண்ட கை
அவளுடையதாக இருக்கலாம்.
மாலக்கியிடம் கேட்க மறந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு வாரம்.
ருஃபீனோ ரொட்டியைத் தொடங்கும்போது
நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேனா
என்று இன்னும் முடிவு செய்யவில்லை.