செல்லாத மௌனம்

முதல் நிக்காஹ்வில் என்னிடம் கேட்டார்கள்.
கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.
தேவகோட்டையில், வாடகைக்கு எடுத்த செட்டியார் வீட்டில்
இரண்டாங்கட்டு நிலைக்கு வெளியே நின்று
வக்கீலும் இரண்டு சாட்சிகளும்
இன்னார் மகன் இன்னாருக்கு
இத்தனை மஹருக்கு என்று
ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள்.
அந்த நேரம் பார்த்து சின்னம்மா
என் வாயில் அல்வாவைத் திணித்திருந்தாள்.
மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல்
கண்ணில் நீர் முட்டக் குனிந்தேன்.

"பொண்ணு வெக்கப்படுது, சம்மதம்தான்"
என்றார் ஒரு சாட்சி.
கன்னியின் மௌனம் சம்மதம்.
அவள் கூச்சத்துக்கு மார்க்கம் காட்டிய சலுகை அது.
நெய் வடியும் வாய்க்கும் பொருந்துமா என்று
யாரும் கிதாபைப் புரட்டவில்லை.

மஹர் பதினோராயிரம்
தஃப்தரில் இருந்தது, என் கையில் இருந்ததில்லை.
அத்தா கொடுத்த கைக்கூலி
தஃப்தரிலும் இல்லை, எந்தக் கிதாபிலும் இல்லை.
ஆனால் அதைத்தான் முதலில் எண்ணினார்கள்,
எச்சில் தொட்டு, இரண்டு தடவை.

ஆறு வருஷம்.
அதை இங்கே சொல்லப்போவதில்லை.

குலா கேட்டு மனு எழுதினேன்.
"வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுக்கணும்மா."
வாங்காததை எப்படித் திருப்புவது?
ஜமாஅத் தலைவர்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
அன்று அது ரொம்ப அழுக்காக இருந்திருக்க வேண்டும்.

பிறகு புதுவயல்.
அரிசி ஆலையில் கணக்கு.
நெல் அவியும் வாசம்
எத்தனை துவைத்தாலும் முக்காட்டை விட்டுப் போகாது.
லாரிக்கு எத்தனை மூட்டை, எதில் ஈரம் கூடுதல்,
இயந்திரம் ஓடும்போது
கத்தித்தான் சொல்ல வேண்டும்.
எனக்குக் குரல் வந்தது அங்கேதான்.

கண்டனூரில் டயர் கடை வைத்திருக்கும் வதூது
பெண் கேட்டு வந்தார்.
மனைவி மௌத்தாகி மூன்று வருஷம்.
ஒன்பது வயதில் மகள், சஃபூரா.
"வழக்கம்போலக் கேட்டுக்கலாம் அஜரத்" என்றான்
என் தம்பி நஜ்முதீன்.
"வழக்கம்போல ஆகாது.
ஒருதரம் வாழ்ந்தவ வாய்திறந்து சொல்லணும்.
இவ மௌனம் செல்லாது."

செல்லாது.
ராத்திரியோடு ராத்திரியாக
நோட்டைச் செல்லாது என்றார்களே, அப்படி.
முப்பத்தி நாலு வருஷம் சேர்த்துவைத்த மௌனத்தை
எந்த பேங்கில் போய் மாற்றுவது?
பயமாக இருந்தது.
கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை, அசருக்குப் பிறகு
ஆலைக்குப் பின்னால் எங்கள் இரண்டு அறை வீட்டில்
திரைக்கு அந்தப் பக்கம் மூன்று ஜோடிக் கால்கள்.
தம்பி தொண்டையைச் செருமினான்.
சஃபூரா என் மடியோரம் நின்று
அல்வாவைக் கையில் ஏந்தி
"வாயத் தொறங்க" என்றாள்.
"இரு கண்ணு. முதல்ல பேசிட்டு வந்துடறேன்."

"அக்கா, கண்டனூர் அப்துல் வதூதுக்கு
உங்களை நிக்காஹ் செஞ்சு கொடுக்கச் சம்மதமா?"

"மஹர் எவ்வளவு?"

திரை அசையாமல் நின்றது.
இந்தப் பக்கம் யாரோ "ஏ ஜெய்த்தூன்" என்று
தொடையில் கிள்ளினார்கள்.
"இருபத்தஞ்சாயிரம்."
"ரொக்கமா, கடனா?"
"ரொக்கம்தான்."
"கொண்டாந்திருக்காரா?"

திரைக்குக் கீழே ஒரு கவர் வந்தது.
எண்ணினேன்.
ஆலையில் எண்ணுவதுபோல, உதடு அசையாமல்.
என் பெயரில் ஒருவர் கொடுத்து
என் கைக்கே வந்த முதல் பணம்,
சம்பளத்தைத் தவிர.
சரியாக இருந்தது.

"சம்மதம்" என்றேன்.

கால்கள் நகரவில்லை.
இரண்டாவது சாட்சிக்குக் காதில் விழவில்லையாம்,
ஆலைச் சத்தம்.
"இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க…"

சொன்னேன்.
லாரி மேலே நிற்பவனுக்கு
மூட்டைக் கணக்குச் சொல்லும் குரலில்.
வெளியே பந்தலில் பேச்சு நின்றது.
சஃபூராவின் விரல்வழியே நெய் இறங்கி
முழங்கைக்கு வந்திருந்தது.