எடைமேடை, இரவு ஷிப்டு

இரண்டு குண்டுகள், இரண்டிலும் நேர்மின்னூட்டம்,
ஆளுக்கு இரண்டு மைக்ரோகூலோம்.
நடுவே மூன்று சென்டிமீட்டர்.
தள்ளும் விசை எவ்வளவு?

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
லோரி வராத பொழுது
பழைய ரசீதின் முதுகில் போட்டுப் பார்க்கிறேன்.
முதலில் வந்த விடை
ஓர் உதிரிப்பழத்தைக்கூடத் தூக்காது.
சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருக்கிறேன்.
பத்தாயிரம் மடங்கு பிழை!
குலைக் கணக்கில் இப்படிச் செய்திருந்தால்
விடிந்ததும் மேனேஜர் முன்னால் நின்றிருப்பேன்.

திருத்தினால், நாற்பது நியூட்டன்.
நாலு கிலோ என்று வையுங்கள்.
தொடாமலே நாலு கிலோ.

என் மேடைக்கு அது சுழியம்.
பத்து கிலோவுக்குக் கீழே
எதையும் அது ஒப்புக்கொள்வதில்லை.

'உலர்ந்த காற்றில்' என்கிறது புத்தகம்.
இந்த ஊர்க் காற்று என்றைக்கு உலர்ந்தது?
ஆற்று ஈரமும் ஆலை நீராவியும்
எந்த மின்னூட்டத்தையும் அரைமணி விட்டுவைக்காது.

மூன்றே முக்காலுக்கு லோகேஸ்வரனின் லோரி.
இறக்கிவிட்டு வந்தான், வெற்றெடை கழித்தேன்.
ரசீதோடு எழுந்து
குளிரறைக் கதவுப்பிடியைத் தொட்டேன்.
சுளீர்.

"என்னக்கா, ஷாக்கா?"

விரலை உதறிக்கொண்டே
"கணக்கு" என்றேன்.