கழிவு

மடுவத்துத் தராசை ஆறு வருசம்
உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கமெரா இது.
முகங்கள் மங்கலாயிருக்கிறது என்று
தோட்டத்தில் புதுசு வாங்கியபோது
கழற்றப் போனவள் நான்.
ஹட்டன் கடையில் அதுதான் என் வேலை.
பழசை என்ன செய்ய என்று கேட்டேன்.
எறி என்றார்கள்.

எறியவில்லை. லென்சை மாற்றினேன்.
நௌசாத் தேடித் தந்தது, ஏதோ கல்யாண வீட்டுக் கமெராவிலிருந்து,
விளிம்பில் பூஞ்சணம், மூவாயிரத்து இருநூறு ரூபா.
பைப் துண்டொன்று, பெயின்ட் வாளி மூடி, கறுப்பு டேப்.
பனி படியாமலிருக்க லென்சைச் சுற்றி
நாலு ரெசிஸ்டர், அடைகோழிச் சூட்டில்.
நேரத்துக்கு ஒரு ஜீபீஎஸ் சில்லு.
அதற்குத்தான் சீட்டுக்காசு போனது.

லிந்துலையில் எங்கள் லயத்துத் தகரத்துக்கு மேலே
வானம் ஒரு கைலேஞ்சி அளவு.
அதிலும் பாதியை ஸ்டோர் விளக்கு தின்றுவிடும்.
விடிய நாலே முக்காலுக்கு
அடுத்த காம்பராவில் ரொட்டி தட்டுகிற நேரம்
இங்கே கும்மிருட்டு;
மேலே ஐநூறு கிலோமீற்றரில் வெயில் அடித்துவிட்டது.
அந்த வெயிலில் அகப்படுகின்றன
ரொக்கட்டின் உடைந்த துண்டு, செத்துப்போன பெட்டி,
எந்த நாட்டுப் பேரிலோ இன்னும் சுற்றுகிற தகடு.
நொடிக்கு ஏழரை கிலோமீற்றர்.
படத்தில் அது ஒரு கீறல்,
நகம் பட்டது மாதிரி.
நட்சத்திரங்களை வைத்து
கீறலின் இரண்டு முனையையும் அளக்கிறேன்.

முதல் மூன்று மாதம் எல்லாம் பிழை.
ஒவ்வொரு கீறலும்
இருக்கவேண்டிய இடத்துக்கு இரண்டு கிலோமீற்றர் பின்னால்.
பிந்துவது வானமில்லை, உன் கமெராதான் என்றாள் அனோஜா.
அவளுடையது ஹப்புத்தளையில், தையல்கடைக் கூரையில்.
உயரம் தெரிய ஒரு கண் போதாது,
முப்பது மைல் தள்ளி இன்னொன்று வேண்டும்,
இரண்டிலும் ஒரே காலையில் மப்பு விலகவேண்டும்.
விலகாது.
விலகாத நாட்களில் ஒரு சின்ன பல்பை மினுக்கி மினுக்கி
படம்பிடித்துப் பார்த்தோம்.
வெளிச்சம் உள்ளே நுழைந்து
நேரம் எழுதப்படுவதற்குள் 0.31 நொடி.
ஒவ்வொரு வரியிலும் அதைக் கழிக்கவேண்டும்.

கழிவு.
தெரிந்த சொல்தான்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று.
மழையே இல்லாத மாசத்திலும் ஈரத்துக்கு இரண்டு.
பத்தொன்பது பதினாறாகி
அரைப் பேர் விழுந்த அன்றைக்கு
ஞானப்பூ அக்கா கேட்டா, எங்கய்யா ஈரம்?
கணக்கப்பிள்ளை கையை உயர்த்திக் காட்டினார்:
எல்லாம் கமெராவுல இருக்கு.

ஆகவே என் பட்டியலில்
கழிவுக்கு ஒரு நிரல்,
பக்கத்திலேயே காரணத்துக்கு ஒரு நிரல்.
இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அனோஜா சிரித்தாள்.
அடுத்த வாரம் அவளும் போட்டிருந்தாள்.

பெப்ரவரியில் ஒரு காலை, இரண்டு பக்கமும் தெளிவு.
குறித்த நேரத்துக்கு முந்தி வந்தது ஒன்று.
கழித்துப் பார்த்தேன். நாலு நொடி முந்தி.
ஹப்புத்தளைக்கும் நாலு.
அப்படியென்றால் பிழை எங்களுடையதில்லை,
அது இறங்கிக்கொண்டிருக்கிறது.
இறங்க இறங்க வேகம் கூடும்,
விழப்போவது நேரத்தோடு வந்துவிடும்.
இருநூற்று எண்பத்தேழு கிலோமீற்றர் என்று வந்தது உயரம்.
போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசவில்லை.

பதினோரு வரி அனுப்பினேன்.
காரணம்: ஷட்டர். ஷட்டர். ஷட்டர்.
பன்னிரண்டாவதில் லென்சுக்குப் பனி,
ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்தது.
அந்த வரியை விட்டேன்.
விட்டதையும் எழுதினேன்.

சங்கு ஊதிவிட்டது.
ஞானப்பூ அக்கா படங்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறா
புதுக் கமெராவுக்கு முன்னால்.
அதில் முகமெல்லாம் நன்றாகத் தெரியும்.
வயர் இழுத்தது நான்தான்.